நடைபாதையில் இரண்டு சக்கரம்

நகரசபை அலுவலகத்தில் அவளை எல்லோரும் சைக்கிள் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கிடங்கின் பின்புறம், அவள் வீட்டுக்காரர் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவர, ஒரே ஒரு தடவை முயன்று பார்த்ததுண்டு. அவர் கையை எடுத்ததும் சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. "எலும்பு தப்பிச்சுது. மரியாதையா வீட்டுக்குப் போயிடலாம் வா," என்றார் அவர். அன்றோடு அந்தப் படிப்பு முடிந்தது. சைக்கிள் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பெயர் வந்துவிட்டதே, அதற்காகவாவது அது இருந்தாக வேண்டியிருந்தது.

பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சாலைப் பிரிவில் வரைபடம் போடும் வேலைக்கு அவள் சேர்ந்தபோது அவளுக்குத் தலைமுடி ஒன்றுகூட நரைக்கவில்லை. அன்றிலிருந்து வாழ்க்கையில் பாதியைக் கார்களுக்குப் படுக்கை விரிப்பதிலேயே கழித்தாள். எந்தத் தெருவில் கார்களை நேராக நிறுத்தலாம், எங்கே சாய்த்து நிறுத்தினால் இன்னும் நாலைத் திணிக்கலாம், எந்த மரத்தை எடுத்தால் ஒரு வேன் அடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். புது வேலையில் ஒரு நாள் அவளைச் சாலைச் சந்திப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணச் சொன்னார்கள். கையில் ஒரு தாள். கார், வேன், பஸ், லாரி என்று கட்டங்கள். காலை முழுக்க அவள் முன்னால் ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். புத்தகப்பையோடு பிள்ளைகள், துணி மூட்டையைச் சுமந்த ஒருத்தி, இரண்டு கைத்தடிகளை ஊன்றிச் சாலையைக் கடக்கப் பார்த்துப் பார்த்துப் பின்வாங்கிய ஒரு கிழவர். அவர்களுக்குத் தாளில் கட்டமே இல்லை. திரும்பி வந்து மேலதிகாரியிடம் கேட்டாள்.

"சார், நடந்து போறவங்களை எதுல போடறது?"

"அவங்களை எதுக்கும்மா? அவங்க போக்குவரத்து இல்ல. அவங்க சும்மா போறாங்க."

அந்தச் 'சும்மா' பல வருஷம் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது. மேலதிகாரிகள் மாறினார்கள், மேஜைகள் மாறின, காகிதம் போய்க் கணினி வந்தது. கடைசியில், இப்போதிருக்கும் பிரிவுத் தலைவர் வந்த புதிதில், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாக ஒரு தெருவைத் திருத்தியமைக்கும் வேலை மேலிடத்திலிருந்து வந்தது. யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது அறையில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். ஓய்வு பெறுவதற்குள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு தெருவாவது இருக்கட்டும் என்பதுதான் அவள் ஆசை.

தெரு ஒன்றும் பிரமாதமானதல்ல. ஒரு முனையில் பள்ளிக்கூடமும் குழந்தைகள் காப்பகமும், இன்னொரு முனையில் கடைகள். இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றன. நடைபாதை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தையல் விட்ட துணி மாதிரி கிடந்தது. ஒரு பக்கத்துக் கார்களை எடுத்துவிட்டு, நடைபாதையை அகலமாக்கி, சைக்கிளுக்கு ஒரு தனிவழி போட வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் தெருக்காரர்கள் கூட்டத்தில் கையைத் தூக்கிச் சரி என்று சொன்னால்தான் நகரசபை அதை மேலே நகர்த்தும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு சரி.

முதல் கூட்டம் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. அவள் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, மரச்சாமான் கடைக்காரர் எழுந்துவிட்டார். தெருவிலேயே பெரிய கடை அவருடையது. அவர் வாசலில் நிற்கும் கார்கள்தான் முதலில் போக வேண்டியவை.

"இந்தத் திட்டம் போடறவங்க எல்லாரும் கார்ல வந்து இறங்குவாங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஏசியில வந்து இறங்கி, நம்மளை நடங்கம்மா நடங்கய்யான்னு சொல்லிட்டு, திரும்ப ஏசியில ஏறிப் போயிடுவாங்க. கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க மேடம், இன்னிக்கு நீங்க எதுல வந்தீங்க?"

நியாயமான கேள்வி. அவள் காரில்தான் வந்திருந்தாள். வீட்டுக்காரர் வெளியே எங்கேயோ வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சைக்கிள்ல."

கூடத்தில் கைதட்டல். யாரோ ஒருவர் விசிலே அடித்தார். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அப்போ சரி. பேசுங்க, கேக்கறோம்."

பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லியிருந்தாலும் கௌரவமாகத்தான் இருந்திருக்கும். அது அவளுக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

அதற்கப்புறம் வேறு வழியில்லை. மடித்து வைக்கிற மாதிரி ஒரு பச்சைச் சைக்கிள் வாங்கினாள். ஹெல்மெட் வாங்கினாள். காலையில் வீட்டுக்காரர் காரை எடுப்பார். அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் தெருவில், அவளுடைய அந்தத் திட்டத் தெருவில் போய் முட்டும் தெருவில், நிறுத்துவார். டிக்கியைத் திறந்து சைக்கிளை இறக்கி விரித்துக் கொடுப்பார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டே திருப்பத்தைத் தாண்டி அலுவலக வாசலுக்குப் போவாள். மாலையில் அதே கூத்து தலைகீழாக நடக்கும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "வாழ்நாள் பூரா ஜனங்களை ஏத்தி இறக்கினேன். இப்ப பாக்கி ஒரே ஒரு ஆள்," என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு இது விளையாட்டு. அவளுக்கு அப்படியில்லை.

"மேடத்தைப் பாருங்கய்யா," என்று பிரிவுத் தலைவர் மற்றவர்களிடம் சொல்வதை ஒருமுறை அவளே கேட்டாள். "வாசலுக்கு முன்னாடியே இறங்கிடறாங்க. நடைபாதையில ஓட்டறதே இல்ல. தள்ளிக்கிட்டுத்தான் வர்றாங்க. அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது. அவள் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டினாள்.

*

தெருவைத் திருத்துவதற்கு முன்னால் தெருக்காரர்களோடு அதை ஒருமுறை நடந்து பார்ப்பது அவள் ஏற்படுத்திய வழக்கம். ஆளுக்கு ஒரு சாக்பீஸ். எங்கே தடுக்குகிறதோ, எங்கே பயமாக இருக்கிறதோ, அங்கே தரையில் வரைய வேண்டும். அதில் ஒரே ஒரு விதி. அதிகாரி வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது. பின்னாலேயே நடந்து வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஜனங்கள் தாராளமாக வரைந்தார்கள். உடைந்த மூடிக்கு ஒரு வட்டம், விளக்கில்லாத மூலைக்கு ஒரு பெருக்கல் குறி, பள்ளிப் பிள்ளைகள் ஓடிக் கடக்கிற இடத்தில் யாரோ வரைந்த கோணல் மண்டையோடு. பெரிய தெருவை முடித்து, அதில் வந்து சேரும் சின்னத் தெருவுக்குத் திரும்பினார்கள். அவள் எல்லாருக்கும் பின்னால் தங்கினாள். ஆனாலும் வந்தாள்.

அங்கே ரெட்டைவண்டி நின்றாள். இரட்டைப் பிள்ளைகளை அக்கம்பக்கமாக உட்காரவைத்துத் தள்ளுகிற அகலமான தள்ளுவண்டியோடு தினமும் போவதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, சலவைக்கூடத்தில் வேலைக்குப் போகிறவள். அவள் வண்டியை ஒருவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். நடைபாதையின் மேல் ஒரு சக்கரம் வரைந்தாள். பின்னால் தள்ளி இன்னொன்று. பிறகு இறங்கி, சாலையில் இரண்டு. நான்கையும் சுற்றி ஒரு பெரிய கோடு இழுத்தாள்.

"என்னம்மா இது, படகா?" என்றார் மரச்சாமான் கடைக்காரர்.

"காருண்ணே. வெள்ளைக் கார். தினமும் காலைல, கரெக்டா நாங்க காப்பகத்துக்குப் போற நேரம் பாத்து நிக்கும். ரெண்டு சக்கரம் மேல, ரெண்டு சக்கரம் கீழ. நம்ம வண்டி சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல போகாது. ரோட்ல இறங்கித்தான் ஆகணும். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். அன்னிக்கு மழையில இறங்கினப்போ முன்சக்கரம் ஓரத்துல மாட்டிக்கிச்சு. வண்டி சாஞ்சு, சின்னவ வெளிய விழப் பாத்தா. நான் குப்புற விழுந்துதான் பிடிச்சேன்." சொல்லிக்கொண்டே காருக்குப் பக்கக் கண்ணாடியும் வரைந்தாள்.

"கண்ணாடியெல்லாம் போடறியே. நம்பரையும் போட்டுடு."

"பிள்ளையைப் பாப்பேனா, நம்பரைப் பாப்பேனா? நீங்க வேற."

"உள்ள ஒரு பெரியவர் உக்காந்திருப்பார்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "பாட்டுக் கேட்டுக்கிட்டு. யாரையோ இறக்கிவிட வர்றார் போல."

"யாரை?"

"அதைக் கவனிக்கலையே."

சைக்கிள் மேடம் அந்தக் கோட்டின் அருகே நின்றாள். அது எவ்வளவு நீளம் என்று அளக்காமலேயே அவளுக்குத் தெரிந்தது. இடது பக்கக் கண்ணாடியைக்கூட அந்தப் பெண் சரியாகத்தான் போட்டிருந்தாள். கண்ணாடியில் மாட்டியிருக்கும் மழை துடைக்கும் துணியும், முன்சீட்டில் தான் உட்கார்ந்து குழி விழுந்த இடமும் மட்டும்தான் பாக்கி.

கடைக்காரர் பிரிவுத் தலைவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? என் கடைக்கு வர்றவங்களைத்தானே எல்லாரும் குத்தம் சொன்னீங்க. அடைக்கறது யாரோ வெளியாள்."

"பிடிச்சுடுவோம்," என்றார் பிரிவுத் தலைவர், விதியை மறந்து. அவருக்கு இந்த மாதிரி வேலைகளில் ஒரு குஷி. "நாளைக்குக் காலைல எல்லாருமா நின்னு கையும் களவுமா பிடிப்போம். மேடம் தலைமையில. என்ன மேடம்?"

அதிகாரி வாய் திறக்கக் கூடாது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு அந்த விதி அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்து, மாலை வரைக்கும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

*

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். குழந்தை விழப் பார்த்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் ரோட்டை அடைக்கக் கூடாதேன்னுதானே மேல ஏத்தினேன்," என்றார். "பின்னாடி வர்ற வண்டிக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு."

"வண்டிக்குத்தான் பாத்தீங்க."

"ஆமா. வண்டிக்குத்தான் பாத்தேன்." கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணை நான் பாத்திருக்கேன்டி. வண்டிக் கண்ணாடியில தெரியும். இறங்கிப் போகும். சரி, ஏதோ பழக்கம்னு நினைச்சேன்."

அவளும் பார்த்திருக்கிறாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சைக்கிளை விரிக்கிற அவசரத்தில், ஒரு தள்ளுவண்டி சாலையில் இறங்கிப் போனது கண்ணின் ஓரத்தில் பட்டிருக்கிறது. யார் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், பார்க்கிறவர்களை அவள் பார்க்காமலிருந்தாள்.

"இனிமே நான் பஸ்லயே போய்க்கறேங்க. நீங்க அந்தப் பக்கமே வராதீங்க."

"சரிம்மா. நம்ம வண்டிக்கு ஓய்வு."

மறுநாள், காரைப் பிடிக்கிற நாள் காலையில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். எதிர்சீட்டில் இருந்தவர் ஹெல்மெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர் மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்பார் போல இருந்தது. பழக்க தோஷத்தில் எடுத்து வந்துவிட்டாள். சைக்கிள் டிக்கியிலேயே கிடக்கிறது என்பது இரண்டாவது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அலுவலக வாசலில் எல்லோரும் தயாராக நின்றார்கள். பிரிவுத் தலைவர் கையில் போன். கடைக்காரர் கடையை மூடிவிட்டே வந்திருந்தார். ரெட்டைவண்டியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"சைக்கிள் எங்க மேடம்?"

"பஞ்சர்."

"அடடா, நாள் பாத்துப் படுத்திடுச்சா."

திருப்பத்தைத் தாண்டினார்கள். அவள் நிம்மதியாகத்தான் நடந்தாள். தெரு காலியாக இருக்கும், கொஞ்ச நேரம் நிற்பார்கள், அலுத்துப்போய்க் கலைவார்கள்.

வெள்ளைக் கார் அங்கே நின்றது. இரண்டு சக்கரம் மேலே, இரண்டு சக்கரம் கீழே, சாக்பீஸ் கோட்டுக்குள் அச்சில் வார்த்த மாதிரி.

வீட்டுக்காரர் டிக்கிப் பக்கம் நின்றிருந்தார். அவள் கிளம்பிப்போன பிறகு டிக்கியைத் திறந்து பார்த்திருக்கிறார். சைக்கிள் இல்லாமல் போய் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொள்வாளே என்று பதறி, அவர்கள் வருவதற்குள் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று வந்திருக்கிறார். அவருடைய கைகளுக்கு அந்த இடத்தில் வேறு மாதிரி நிறுத்தத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்ததும் பாதி திறந்த டிக்கியைப் பட்டென்று சாத்தி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் பார்வை நேராக அவளிடம் வந்தது. உடனே அங்கிருந்து நகர்ந்துவிட்டது.

"மாட்டிக்கிட்டார்யா!" என்றார் கடைக்காரர்.

சுற்றி நின்றுகொண்டார்கள். ரெட்டைவண்டி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, காருக்கும் சுவருக்கும் நடுவே விட்டுக் காட்டினாள். பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் இரண்டும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தன. அவர் சிரிக்கவில்லை.

"தப்புதாங்க," என்றார். "தெரியாம செஞ்சுட்டேன்."

"தினமும் தெரியாமயா?" என்றார் யாரோ.

"யாரைப் பெரியவரே இறக்கிவிட வர்றீங்க?"

"யாரையும் இல்லீங்க. சும்மாதான்."

"சும்மாவா? சும்மா வர்றவர் எதுக்கு டிக்கியைத் திறக்கணும்?" பிரிவுத் தலைவருக்குக் குரல் உயர்ந்தது. "என்ன இருக்கு அதுல? கொஞ்சம் திறங்க, பாப்போம்."

பச்சைச் சைக்கிள். அலுவலகத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது. வீட்டுக்காரர் கை டிக்கியின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் பிரிவுத் தலைவரே திறந்திருப்பார். அவள் முன்னால் வந்தாள். தன் குரல் தனக்கே கேட்டது.

"டிக்கியில என்ன இருந்தா நமக்கு என்ன சார்? அதுவா பிரச்சினை?" பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "ஏன் பெரியவரே, வயசாயிடுச்சே, கொஞ்சமாவது யோசிக்க வேணாமா? நடக்கறவங்க எல்லாம் மனுஷங்களாத் தெரியலையா உங்களுக்கு? ஒரு குழந்தை விழுந்திருந்தா யார் பதில் சொல்றது? நீங்களா?"

அவள் இவ்வளவு கடுமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் மேடம். இனிமே வரமாட்டேன்."

மேடம் என்றார். வீட்டில் கேலிக்குக்கூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிரிவுத் தலைவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். வீட்டுக்காரர் காரில் ஏறி, மிகவும் மெதுவாகச் சக்கரத்தை இறக்கி, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். கூட்டம் கைதட்டியது. "சைக்கிள் மேடம்னா சும்மாவா," என்றார் கடைக்காரர்.

அன்று மாலை வீட்டுக்காரர் எதையும் பெரிதுபடுத்தவில்லை. "நல்லாத்தான் திட்டற. இத்தனை வருஷம் இந்தத் திறமையை எங்க வச்சிருந்த?" என்றார். சிரிக்கவும் செய்தார். ஆனால் சாப்பிடும்போது அவள் ஏதோ எடுத்து வைக்கப் போனபோது, "போதும்," என்று தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தார். காலையில் டிக்கியின் மேல் வைத்திருந்த அதே கை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

*

வாக்கெடுப்புக் கூட்டத்துக்கு முன்தினம் அவள் காப்பக வாசலில் காத்திருந்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு ரெட்டைவண்டி வந்தாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க மேடம். வேலைக்கு நேரமாகுது, நடந்துக்கிட்டே பேசலாமா?"

நடந்துகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தாள். அந்தக் கார் எங்களுடையது. அவர் இறக்கிவிட வந்தது என்னைத்தான். டிக்கியில் இருந்தது என் சைக்கிள். எனக்கு ஓட்டத் தெரியாது. நாளைக்குக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். பாதிக்கப்பட்டது உங்கள் பிள்ளைகள், அதனால் முதலில் உங்களிடம்.

ரெட்டைவண்டி நின்றுவிட்டாள். ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. அதில் சிநேகம் எதுவும் இல்லை.

"டிக்கியில சைக்கிளா?"

"ஆமா."

"தினமும் தள்ளிக்கிட்டே போவீங்களே. நான்கூட, எவ்வளவு நிதானமான அம்மான்னு நினைச்சிருக்கேன்." பிறகு முகம் மாறியது. "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க."

"இல்லம்மா, என்னால முடியல. நாளைக்கு..."

"நாளைக்கு நீங்க சொல்லுவீங்க. கடைக்காரர் எழுந்து நின்னு, பாத்தீங்களா நான் சொல்லல, இவங்க எல்லாருமே இப்படித்தான்னு ஆரம்பிப்பார். அவர் பின்னாடி பாதிப்பேர் போவாங்க. கை தூக்க ஆள் இருக்காது. நீங்க அழுதுட்டு வீட்டுக்குப் போவீங்க, மனசு லேசாயிடும். எனக்கு என்ன ஆகும்? உங்களுக்கு மனசு லேசாகறதுக்கு என் பிள்ளைங்க இன்னும் ரோட்ல இறங்கணுமா?"

அவள் காலி வண்டியின் இரண்டு இருக்கைகளையும் பார்த்தாள்.

"எனக்கு நடைபாதை வேணும் மேடம். உங்க மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும், வண்டியில ஏத்தித் தள்ளவா?"

ரெட்டைவண்டி நாலு எட்டு நடந்தாள். திரும்பி வந்தாள்.

"அவர் உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அவரைப் பெரியவரேன்னு கூப்பிட்டீங்க."

அவள் தரையைப் பார்த்தாள்.

"கார் நின்னதுக்கு எனக்குக் கோபம் இருக்கு, அது வேற. ஆனா அன்னிக்கு அந்த மனுஷன் நின்ன நிலை இருக்கே... தெரியாத ஆளுன்னு நினைச்சே எனக்குப் பாவமா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு வேகமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சொல்லாதே என்று சொல்லிவிட்டாள். மனசின் ஏதோ ஒரு மூலையில் அப்பாடா என்று ஒரு குரல் கேட்டது. காப்பகத்துச் சுவரோரம் நின்றபடி, மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் குரலுக்காக அவள் கூனிக்குறுகினாள்.

*

கூட்டத்தில் கூடம் நிறைந்திருந்தது. திரையில் ஒவ்வொரு படமாக வர, அவள் விளக்கினாள். இப்போதிருக்கும் தெரு, மாறப்போகும் தெரு, மரங்கள், சைக்கிள் வழி, பள்ளி வாசலில் மேடாக்கிய கடக்குமிடம். குரல் நடுங்காமல் பேசினாள். நாலாவது வரிசையில் ரெட்டைவண்டி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினாள். திரையில் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

பிரிவுத் தலைவர் கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார். "இதைவிட நல்ல படம் கிடைக்காது," என்றார் முன்வரிசையிலிருந்து பெருமையாக. சுவரளவு பெரிதாக இருந்தார் வீட்டுக்காரர். குனிந்த தலை, டிக்கியின் மேல் விரிந்த கை, அவசரத்தில் மாற்றிப் பூட்டிய சட்டைப் பித்தான். வீட்டில் தினமும் அவள்தான் அதைப் பார்த்துச் சொல்லிச் சரிசெய்யவைப்பாள். அன்று காலை அவள் முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

கூடம் சிரித்தது.

"முழியைப் பாரு, திருட்டு முழி."

"சட்டையைக்கூட ஒழுங்காப் போடத் தெரியல, இவர் எங்க காரை ஒழுங்கா நிறுத்தப் போறார்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவள் நாலாவது வரிசையைப் பார்த்தாள். ரெட்டைவண்டி சிரிக்கவில்லை. தலையை மிக லேசாக, இல்லை என்கிற மாதிரி ஆட்டினாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஏதாவது ஒன்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. யாரென்று சொல்ல வேண்டாம். சிரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பொத்தானை அழுத்தினாள்.

"அடுத்ததா, மழைத்தண்ணி வடியற வழி," என்றாள்.

கைகள் எழுந்தபோது கூடம் முழுவதும் எழுந்தன. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெளியே போகும்போது கடைக்காரர் அவளிடம் வந்தார்.

"என் கடைக்கு இதனால நஷ்டம்தான் மேடம். வேற யாராவது வந்து சொல்லியிருந்தா இன்னிக்கு நான் ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். நீங்க ஊருக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணுன்னு இல்லாம நடந்துக்கறீங்க. அதுக்காகத்தான் கை தூக்கினேன்."

"நன்றிங்க," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்.

இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்காரர் சமையலறையில் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"எல்லாரும் கை தூக்கிட்டாங்க."

"கடைக்காரருமா?"

"அவரும்தான்."

"பின்ன என்ன, தெரு உன்னுதாயிடுச்சு! முகத்தை ஏன் இப்படி வச்சிருக்க?"

அவள் பையைக் கழற்றாமலே நின்றாள். "உங்க படத்தைப் போட்டாங்க."

"எந்தப் படம்?"

"அன்னிக்கு எடுத்தது. பெரிசா, சுவர் முழுக்க."

"ஓ." கத்தி நின்றது. "படத்துல எப்படி விழுந்திருக்கேன்?"

"பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

பூசி மெழுகிச் சொல்ல எத்தனையோ இருந்தன. அவருக்கு ஒரு வார்த்தை போதும், எதை வேண்டுமானாலும் நம்பிவிடுவார்.

"நான் அடுத்த படத்துக்குப் போயிட்டேங்க," என்றாள்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனிதர். அவள் காத்திருந்தாள். அவர் ரொட்டியை மீண்டும் நறுக்கத் தொடங்கினார். ஒரே அளவில், மெல்லிசாக, கடைசித் துண்டுவரை. தட்டில் அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிட்டுட்டு சீக்கிரம் படு," என்றார். "காலைல பஸ்ஸைப் பிடிக்கணும்ல."